பதினான்காம் பக்கத்துக் குரல்

அடுத்தவர் பேச்சில் நான் ஒரு சொல்லைக்கூடச் சேர்த்ததில்லை. பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். யார் கேட்டாலும் இதை நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வேன். சமீபகாலம் வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டிலேயே சரியாகத் தெரியாது. உலகத்தின் துன்பங்களைப் போக்குவதற்கென்று ஏற்பட்ட ஒரு பெரிய நிறுவனம், தான் போக்கிய துன்பங்களைப் பற்றி வருடம் முழுவதும் அறிக்கை எழுதும். அந்த அறிக்கைகளைச் செப்பனிட்டுக் கொடுப்பவள் நான். ஊழியர் அல்ல. அறிக்கைக்கு அறிக்கை கூப்பிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடித்து அனுப்புவேன். ஒருமுறை என் வீட்டுக்காரர் தன் நண்பரிடம், "இவ எழுத்தாளர்" என்று அறிமுகம் செய்தார். நான் அவசரமாகத் தலையாட்டி மறுத்தேன். "சரி, வெட்டாளர்" என்றார். நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அறிக்கை என்பது தொண்ணூற்றாறு பக்கம். அதில் தொண்ணூற்றைந்து பக்கங்களை யாரும் படிப்பதில்லை, எழுதியவர்களும் எதிர்பார்ப்பதில்லை. எல்லோரும் படிப்பது பதினான்காம் பக்கத்தை. அங்கே இளம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி இருக்கும். மேலே 'மனிதக் குரல்' என்று போட்டிருக்கும். பயன்பெற்ற ஒருவர் தன் வாயால் சொன்னது, இருபத்தைந்து சொல்லுக்கு மிகாமல் அதற்குள் இருக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தோம், இப்போது எப்படி இருக்கிறோம், நன்றி. இந்த மூன்றும் அந்த வரிசையில் வர வேண்டும்.

பெட்டிக்கென்று நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு விதிநூல் உண்டு. பேசியவரின் பெயரையும் ஊரையும் முதலில் நீக்கிவிட வேண்டும். அது அவர்களுடைய பாதுகாப்புக்கு. தொழிலும் வயதும் போதும். அவர் சொல்லாத எதையும் சேர்க்கக் கூடாது, அது அறம். சேர்த்தால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. வேறு எதையும் நீக்குவதைப் பற்றி அந்த நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்த இடைவெளியில்தான் நான் பதினொரு வருடம் நடமாடினேன்.

வெட்டியதைத் தூக்கி எறிந்துவிட மாட்டேன். யாராவது கேட்டால் காட்டலாம் என்று தனியாக ஒரு கோப்பில் போட்டு வைப்பேன். அந்தக் கோப்புக்கு 'மிச்சம்' என்று பெயர். இதுவரை யாரும் கேட்டதில்லை.

வசந்த காலத்து அறிக்கைக்கு வந்த குரல் ஒரு தையற்காரப் பெண்ணுடையது. வயது ஐம்பத்தொன்று. களப்பணியாளர் நேரில் போய்ப் பதிவு செய்து, அவர் பேசினது பேசினபடியே எழுதி அனுப்பியிருந்தார். இப்படி இருந்தது:

"முன்னாடி இங்க ஆஸ்பத்திரியே கிடையாது. என் மூத்த மகளுக்கு வலி வந்தப்ப வண்டியில டவுனுக்குக் கொண்டு போனோம். பாதி வழியில பொறந்துச்சு. ரெண்டு நாள்தான் இருந்துச்சு. இப்ப கட்டடம் கட்டியிருக்காங்க. வெள்ளையா இருக்கு. சுத்தமா இருக்கு. ஆறு நாளும் பூட்டியே கிடந்தா ஏன் சுத்தமா இருக்காது? நர்ஸம்மா செவ்வாய்க்கிழமை மட்டும் வருவாங்க. நல்லவங்க. அன்னிக்கு வலி வந்தா பயமில்ல. மத்த நாள்ல வந்தா அதே வண்டிதான், அதே வழிதான். என் சின்ன மகளுக்கு இப்ப ஆறு மாசம். தினமும் நர்ஸ் இருக்கற மாதிரி செஞ்சு குடுத்தா நன்றி சொல்றேன்."

நான் படித்தேன். மனம் கனத்தது. இதைச் சொல்லியாக வேண்டும். மனம் கனக்காமல் நான் எதையும் வெட்டியதில்லை. பிறகு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் முடித்தேன்.

"முன்னாடி இங்க ஆஸ்பத்திரியே கிடையாது. இப்ப கட்டடம் கட்டியிருக்காங்க. வெள்ளையா இருக்கு. சுத்தமா இருக்கு. நர்ஸம்மா வருவாங்க. நல்லவங்க. பயமில்ல. என் சின்ன மகளுக்கு இப்ப ஆறு மாசம். நன்றி சொல்றேன்."

இருபத்துமூன்று சொற்கள். எல்லாம் அவருடையவை, அவர் சொன்ன வரிசையிலேயே. இரண்டு சொல்லுக்கு இடம்கூட மீதி இருந்தது. அன்று எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

நிறுவனத்தில் என்னோடு பேசும் ஒருங்கிணைப்பாளரை வீட்டில் நாங்கள் 'அருமை மேடம்' என்போம். எந்தப் போன் பேச்சையும் அவர் அப்படித்தான் தொடங்குவார்.

"அருமை! படிச்சேன். அழுதுட்டேன். அந்த 'பயமில்ல' இருக்கே, எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

"அவங்க சொன்னதுதான் மேடம்."

"இதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது. ஒண்ணும் சேக்க மாட்டீங்க."

வழக்கப்படி பெட்டி ஒன்பது பேரின் பார்வைக்குப் போனது. முதலாமவர், 'வெள்ளையா இருக்கு' என்பது மற்ற நிறக் கட்டடங்களைத் தாழ்த்துகிறதா என்று ஓரத்தில் கேட்டிருந்தார். இரண்டாமவர், 'சுத்தமா' என்பது எந்த அளவுகோலின்படி என்று கேட்டார். மூன்றாமவருடைய கவலை ஆழமானது: ஊழியர் மதிப்பீட்டுப் படிவத்துக்கு வெளியே ஒருவரை 'நல்லவங்க' என்று சொல்லப் பயனாளிக்கு அதிகாரம் உண்டா? ஐந்தாமவர் 'ஆம்' என்று மட்டும் எழுதியிருந்தார். எதற்கு ஆம் என்று தெரியவில்லை. அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள இரண்டு வாரம் ஆனது, அவரும் மறந்துவிட்டிருந்தார். ஒன்பதாமவர், மனதைத் தொட்டது என்று எழுதி, 'ஆறு மாசம்' என்பதை 'இரண்டு காலாண்டு' என்று மாற்றலாமா என்று கேட்டார். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். கடைசியில் இருபத்துமூன்று சொற்களும் அப்படியே நின்றன. மனித உரிமை ஒன்றைக் காப்பாற்றிவிட்ட களைப்போடு அன்று மத்தியானம் தூங்கினேன்.

அந்த அறிக்கை பிறகு தன்னிறைவுக் குழுவிடம் போனது. எந்த ஊர் இனித் தன் காலில் நிற்கும் என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. அதற்கு அத்தாட்சி வேண்டும். தொண்ணூற்றாறு பக்கத்தில் அவர்களும் பதினான்காம் பக்கத்தைத்தான் படித்தார்கள். 'பயமில்ல' என்பதை ஒருவர் அடிக்கோடிட்டார். 'மக்களின் அச்ச அளவு: பூஜ்ஜியம்' என்று குறிப்பில் ஏறியது. அச்சமில்லாத இடத்தில் உதவி எதற்கு? நிறுவனம் அந்த ஊருக்குச் செய்துகொண்டிருந்த உதவி முழுவதும் நர்ஸம்மாவின் செவ்வாய்க்கிழமைதான். இரண்டு மாதம் கழித்து அதை நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. அதைக் கொண்டாடத் தலைமை அலுவலகத்தில் ஒரு தன்னிறைவு விழா. அதில் தையற்காரப் பெண் மேடையேறித் தன் இருபத்துமூன்று சொற்களைத் தானே படிப்பார்.

"அருமை! நீங்க போய் அவங்களுக்கு ஒரு ஒத்திகை குடுத்துட்டு வந்துடுங்க" என்றார் மேடம். "அவங்க குரலை உங்களவிட யாரும் நல்லா புரிஞ்சுக்கல."

போவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் பஸ் ஏறினேன். பதினொரு வருடத்தில் ஒரு பெட்டிக்குச் சொந்தக்காரரை நேரில் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை.

தெருவைப் பார்த்த ஒரே அறைதான் கடை. கதவோரம் மிஷின். சுவரில் ஆணி அடித்து, தைத்து முடித்த துணிகளைத் தொங்கவிட்டிருந்தார். தரையில் அவருடைய சின்ன மகள் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். வயிறு இடித்ததால் சட்டையைப் பக்கவாட்டில் வைத்துத் தைத்தாள். மேசைக்குக் கீழே கொக்கிகளில் வரிசையாகச் சின்னச் சின்னத் துணிப்பைகள். ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் ஏதோ எழுதியிருந்தது.

அட்டையில் அச்சடித்த அவர் குரலை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் நிறுவனத்தின் சின்னம் இருந்தது. மறுபடியும் முன்பக்கம் படித்தார்.

"இது நான் சொன்னதா?"

"நீங்க சொன்னதுதான் அக்கா. ஒரு வார்த்தைகூட நாங்க சேக்கல."

"சேக்கலதான். எல்லாம் என் வார்த்தைதான்." மகளைப் பார்த்தார். "ஏய், இதைக் கேளு." படித்துக் காட்டினார்.

மகள் பட்டனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரும்மா அந்தப் புண்ணியவதி? நர்ஸம்மா எப்பவும் இருக்கற ஊராமே. நாமளும் அங்க குடி போயிடலாம்."

"சும்மா இருடி. வந்தவங்க முன்னாடி."

எனக்குக் காது சுட்டது. இடம் குறைவு, இருபத்தைந்து சொல்தான் அனுமதி என்று ஏதோ சொன்னேன். தையற்காரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"துணி பத்தலைன்னா வெட்டித்தான் ஆகணும். எனக்குத் தெரியாதா?" என்றார். "அது சரி, வெட்டுன மிச்சமெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"என்னது?"

அவர் குனிந்து கொக்கியிலிருந்து ஒரு பையை எடுத்துக் காட்டினார். உள்ளே நீலத் துண்டுகள். அக்குளில், கழுத்தில் வெட்டிய பிறைகள், விரல் அகலக் கீற்றுகள். "சட்டை வாங்க வரும்போது இதையும் சேத்துக் குடுத்துடுவேன். அவங்க துணி. அதை வெச்சு அவங்க தொடைக்கட்டும், தூரப் போடட்டும். நான் வெச்சுக்கிட்டா திருட்டு."

"எங்கிட்ட... இருக்கு அக்கா. கம்ப்யூட்டர்ல."

"இருக்கா? அப்ப சரி." அவர் முகம் தெளிந்தது. உண்மையிலேயே தெளிந்தது, அதுதான் என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. "நான்கூடத் தொலைச்சுட்டீங்களோன்னு பாத்தேன். அப்ப அதையும் எடுத்துட்டு வாங்க. மேடையில அதையும் சேத்துப் படிச்சுடறேன். இந்த மாசத்தோட நர்ஸம்மாவ நிறுத்துறாங்களாம். இவளுக்கு அடுத்த மாசம் முதல் வாரம்னு சொல்லியிருக்கு. பெரியவளுக்கு ஆனது இவளுக்கும் ஆயிடக் கூடாது. அதுக்கப்பறம் நிறுத்திக்கட்டும், நான் கேக்க மாட்டேன்."

"நான் பெரியவங்ககிட்ட சொல்றேன்" என்றேன்.

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

அவர் என்னைத் தலையிலிருந்து பார்த்தார். "இந்தச் சட்டையை யாரு தெச்சது? தோள் ரெண்டும் இறங்கிக் கிடக்கு. கடன் வாங்கிப் போட்ட மாதிரி." வழியில் வாங்கிய துணி ஒன்று என் பையில் இருந்தது, இலைப் பச்சையில். அதை வாங்கி வைத்துக்கொண்டு எனக்கு அளவு எடுத்தார். டேப் என் தோளைச் சுற்றியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சாதாரணமா நில்லுங்கம்மா. நீங்க எப்படி இருக்கீங்களோ அதுக்குத்தான் தைக்கணும்."

இரண்டு நாள் கழித்து இயக்குநரின் அறைக்குப் போனேன். போனேன் என்பது உண்மை. அருமை மேடமும் இருந்தார். மேசையில் இயக்குநர் காபி குடித்துக்கொண்டிருந்த கோப்பையில் 'பயமில்ல' என்று அச்சடித்திருந்தது. விழாவுக்காக அதேபோல் ஆயிரம் கோப்பை செய்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்பதில் அவருக்குப் பயிற்சி உண்டு. அதைப் பற்றி மூன்று நாள் வகுப்பும் எடுக்கிறார்.

"மக்கள் குரலைக் கேக்கறதுக்காகத்தான் நாம இருக்கோம்" என்றார். "அவங்க குரல் என்ன சொல்லுது? பயமில்லங்குது. இப்ப நீங்க வந்து பயம் இருக்குங்கறீங்க. ரெண்டுல நான் யாரை நம்பணும்? உங்களையா, மக்களையா?"

"அவங்க முழுசாச் சொன்னது வேற சார்..."

"முழுசா யாரும்மா சொல்லுவாங்க? முழுசாச் சொன்னா அது குரல் இல்ல, புகார். புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கு. இந்த வருஷம் ஒரு புகார்கூட வரலன்னு அந்தப் பிரிவையே தன்னிறைவு ஆக்கிட்டோம்."

"அருமை" என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்று இயக்குநர் முன்னால் சாய்ந்தார். "நர்ஸ் இருந்தா அந்த ஜனங்க நர்ஸை நம்புவாங்க. நர்ஸ் இல்லேன்னாத்தான் தங்களை நம்புவாங்க. அந்த நம்பிக்கையை அவங்ககிட்டேர்ந்து பறிக்க எனக்கு மனசு வரல."

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தையற்காரம்மா முழுதாகச் சொன்னது என் பையிலேயே ஒரு தாளில் இருந்தது. ஆனால் அடுத்த அறிக்கைக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு அந்த வாரம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். "புரியுது சார்" என்றேன். வெளியே வரும்போது எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள்.

வீட்டில் அதைப் பார்த்த என் வீட்டுக்காரர், "என்ன எழுதியிருக்கு? பயமில்லயா? நீ வெச்சுக்க, உனக்குத்தான் வேணும்" என்றார்.

விழா ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. முந்நூறு நாற்காலி, எல்லாவற்றிலும் ஒரு கோப்பை. தொடங்குவதற்கு முன் கைதட்டல் ஒத்திகை நடந்தது. தையற்காரம்மா பேச ஆரம்பித்துப் பன்னிரண்டாவது விநாடியில் முதல் கைதட்டல்; முன்வரிசையில் ஒருவர் கடிகாரம் பார்த்துத் தொடங்கி வைப்பார். படித்து முடித்ததும் செவிசாய்ப்பு நிமிடம். இது நிறுவனத்தின் பழைய சடங்கு. எல்லோரும் எழுந்து, வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும். மக்களைக் கேட்கிறோம் என்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது, மக்களும்தான்.

தையற்காரம்மாவுக்கு அட்டை வேண்டாம், பெரிய திரையைப் பார்த்தே படித்தால் முகம் நிமிர்ந்திருக்கும், படம் நன்றாக வரும் என்று கடைசி நேரத்தில் முடிவு செய்தார்கள். திரையில் வர வேண்டியதை அனுப்புபவள் நான். என்னிடம் எப்போதும் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று சுத்தமானது. இன்னொன்றில் வெட்டிய சொற்களெல்லாம் சிவப்பில், நடுவே கோடு போட்டபடி அதனதன் இடத்திலேயே நிற்கும், சரிபார்க்கிறவர்களுக்காக. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், கடைசி எண் மட்டும் வேறு. மேடை ஓரத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அனுப்பினேன்.

கை தவறிவிட்டது. கை வேண்டுமென்றேதான் தவறியது, உள்ளே எங்கோ இருந்த நல்லவள் ஒருத்தி தவற வைத்தாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ரொம்ப ஆசை. அடுத்து நான் செய்ததை வைத்துப் பார்த்தால் அது பொய்.

தையற்காரம்மா மேடைக்கு வந்தார். வெளுத்த புடவையை நன்றாக இஸ்திரி போட்டுக் கட்டியிருந்தார். கீழே ஓரத்தில் என்னைத் தேடிப் பிடித்து லேசாகத் தலையசைத்தார். திரை ஒளிர்ந்தது. கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு. அவர் ஒரு விநாடி திரையையே பார்த்தார். நான் வாக்குக் கொடுத்தபடி கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சிவப்பென்றும் கறுப்பென்றும் பார்க்காமல், முழுதாகப் படிக்க ஆரம்பித்தார்.

"முன்னாடி இங்க ஆஸ்பத்திரியே கிடையாது. என் மூத்த மகளுக்கு வலி வந்தப்ப வண்டியில டவுனுக்குக் கொண்டு போனோம். பாதி வழியில பொறந்துச்சு. ரெண்டு நாள்தான் இருந்துச்சு."

அது பன்னிரண்டாவது விநாடி. கைதட்டல் எழுந்தது. ஒத்திகையில் வந்ததைவிட நன்றாகவே வந்தது.

அவர் திகைத்து நிறுத்தினார். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் சத்தமாகத் தொடர்ந்தார். "இப்ப கட்டடம் கட்டியிருக்காங்க. வெள்ளையா இருக்கு. சுத்தமா இருக்கு. ஆறு நாளும் பூட்டியே கிடந்தா ஏன் சுத்தமா இருக்காது?" இயக்குநரின் தலை மெதுவாகத் திரும்பியது. அருமை மேடம் என்னைப் பார்த்தார்.

நான் ஓடினேன். என் வாழ்க்கையில் நான் அப்படி ஓடியதில்லை. இரண்டு படி ஏறி, திரைக்குப் பின்னால் போன வயரைப் பிடித்து இழுத்தேன்.

"நர்ஸம்மா செவ்வாய்க்கிழமை மட்டும்—"

திரை இருண்டது. மைக்கும் அதே இணைப்பில்தான் இருந்திருக்கிறது, அதுவும் போயிற்று. தையற்காரம்மா வாய் திறந்தபடி நின்றார். பிளக் என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

மண்டபம் மௌனமாயிற்று. மௌனம் வந்ததும் முன்வரிசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். முந்நூறு பேரும் வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர்கள் முன்னால் வந்தார்கள். ஒரு முழு நிமிடம், வாயடைக்கப்பட்ட ஒரு பெண்மணியை முந்நூறு பேர் கூர்ந்து கேட்டார்கள். அந்தப் படம்தான் பிறகு நிறுவனத்தின் நாட்காட்டியில் வந்தது.

நிமிடம் முடிந்ததும் தையற்காரம்மா மைக் இல்லாமலே பேசினார். பெரிய குரல் இல்லை; கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்தான்.

"மிச்சத்தை அந்த அம்மாகிட்ட கேளுங்க. அவங்ககிட்டதான் இருக்கு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சில கைகள் இன்னும் காதுக்குப் பின்னால்தான் இருந்தன. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, முந்நூறு பேர் நான் பேசுவதைக் கேட்கக் காத்திருந்தார்கள். மிச்சம் எனக்கு மனப்பாடம்.

"தொழில்நுட்பக் கோளாறு" என்றேன்.

இரண்டே சொல். அவை மட்டும் நானே சேர்த்தவை.

இயக்குநர் பெரிய மனிதர். மேடையேறி, நடந்தது எதுவும் தவறல்ல, நம் வெளிப்படைத்தன்மைக்கு இதுவே சாட்சி என்று பேசினார். வெட்டப்பட்டதையும் துணிந்து காட்டிய உலகின் முதல் நிறுவனம் நாம்தான் என்றார். அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது: இனி ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து சொற்கள்வரை சிவப்புக் கோட்டோடு காட்டலாம், அந்த ஐந்து சொற்களும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். என்மேல் யாருக்கும் கோபமில்லை. அந்தச் சொற்களின் பட்டியலைத் தயாரித்துத் தர முடியுமா என்றுகூடக் கேட்டார்கள். நான் மறுக்கவில்லை. கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

மாதக் கடைசியில் நர்ஸம்மாவை நிறுத்தினார்கள். கட்டடத்தின் சாவி தலைமை அலுவலகத்துக்கு வந்து, கண்ணாடிப் பேழையில், தன்னிறைவுக் கேடயத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது.

அதற்கடுத்த வாரம் களப்பணியாளர் தன் பழைய பைக்கில் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிற மனிதர். எதையும் மெதுவாகவே சொல்வார். ஒரு கையில் காகித உறை, இன்னொன்றில் துணிப்பை.

"வியாழக்கிழமை காலையில வலி வந்துடுச்சு" என்றார். "வண்டி கிடைக்கல. யாரோ நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணியிருக்காங்க. அவங்கதான் வேலையில இல்லையே, ஆனாலும் வீட்டுக்காரர் பைக்குல பின்னாடி உக்காந்து வந்துட்டாங்க. சாவி இல்ல. அந்த வெள்ளைக் கட்டடத்து வாசப்படியிலயே படுக்க வெச்சு, சுத்தி நாலு பேர் துணியப் பிடிச்சுக்கிட்டு..."

"பிள்ளை?"

"நல்லா இருக்கும்மா. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் உறையை மேசைமேல் வைத்தார்.

"மேடம் இதைக் குடுக்கச் சொன்னாங்க. 'பூட்டிய கதவின் முன் ஒரு சமூகம் பொறுப்பேற்றது'ன்னு தலைப்பாம். அடுத்த அறிக்கைக்குப் பதினாலாம் பக்கம். குரல் மட்டும் இல்ல. நான் போய்க் கேட்டேன். அந்த அம்மா சொல்ல மாட்டேன்னுட்டாங்க. 'சொன்னதே அங்க நெறைய கிடக்கு, அதுலேர்ந்தே எடுத்துக்கச் சொல்லுங்க'ன்னாங்க." துணிப்பையை நீட்டினார். "இதை உங்ககிட்ட சேத்துடச் சொன்னாங்க."

பைக்குள் இலைப் பச்சைச் சட்டை இருந்தது. மடித்து, பட்டனெல்லாம் போட்டு. அவர் போன பிறகு போட்டுப் பார்த்தேன். தோள் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. சட்டைக்கு அடியில் இன்னொரு சின்னப் பை. அவிழ்த்தேன். பிறைகள், முக்கோணங்கள், காலரில் வெட்டிய நூல் போன்ற கீற்றுகூட. எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்தேன். ஒன்றுகூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. சீட்டு எதுவும் இல்லை.

அன்று 'மிச்சம்' கோப்பைத் திறந்தேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஒவ்வொருவருக்கும் அவரவருடையதை, என்றுதான் திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருந்தது.

'...தண்ணி வந்தது நெசந்தான், குடிச்ச பிறகுதான்...'

'...பள்ளிக்கூடம் நல்லாருக்கு, எம் பொண்ண மட்டும் ஏன் சேக்கல?'

'...இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?'

'...அவரு செத்தப்பறம் எதுக்குங்க கடன்...'

யார் சொன்னது, எந்த ஊர்? தேடினேன். எங்கும் இல்லை. ஒவ்வொரு குரலிலும் நான் முதலில் வெட்டியவை பெயரும் ஊரும்தான். அவற்றை மட்டும் எங்குமே எழுதி வைக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அருமை மேடம் நான்கு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. பதினான்காம் பக்கத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்களாம். அவரும் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காதவர் என்று கேள்வி.

இத்தனை பேரில் எனக்கு ஒரே ஒரு முகவரி தெரியும். தையற்காரம்மா சொன்னதை முழுதாக அச்செடுத்து, மடித்து, துண்டுத் துணிகள் வந்த அந்தப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். பை வாசல் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நாளைக் காலை பஸ் ஏறிவிட வேண்டும்.

"நாளைக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவரிடம் நான் நாளைக்கு என்று சொல்லத் தொடங்கி இது மூன்றாவது வாரம்.